பிரிட்டனின் டோயிக் தேர்வு விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 பிப்ரவரி 10 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை நடத்திய இரண்டு லண்டன் மையங்களில் ரகசியமாகப் படமெடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. ஒரு காட்சியில், விசா நீட்டிப்புக்காகத் தேர்வெழுத வந்த மாணவர்கள் எழுந்து ஒதுங்கி நிற்க, அவர்களுடைய கணினிகளின் முன் வேறு ஆட்கள் அமர்ந்து தேர்வை முடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு காட்சியில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாளுக்கான விடைகளைத் தேர்வறையில் இருந்தவரே வரிசையாக வாசிக்க, அறை முழுவதும் அவற்றைக் குறித்துக்கொண்டது. தேர்ச்சி உறுதி என்ற வாக்குக்கு 500 பவுண்டு விலை.

அந்த ஒளிபரப்பைத் தொடர்ந்து ஐந்தாண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்ட தேர்வர்கள் பிரிட்டனை விட்டு வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் குற்றம் செய்தவர்கள் யார், செய்யாதவர்கள் யார் என்பதைத் தனித்தனியாகப் பிரித்து அறியும் வழி அரசிடம் இருக்கவில்லை. மோசடி நடந்ததா என்ற கேள்வியை விட, மோசடியைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன முறை எப்படிப்பட்டது, அதற்குப் பதில் சொல்ல மாணவர்களுக்கு என்ன வழி தரப்பட்டது என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

2009-இல் பிரிட்டன் கொண்டுவந்த நான்காம் அடுக்கு மாணவர் விசாவின்படி, வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் உள்துறை அமைச்சகத்திடம் ஸ்பான்சர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாணவரின் விசா அந்த உரிமத்தோடு கட்டப்பட்டது. கல்லூரி உரிமத்தை இழந்தால், ஒழுங்காகக் கட்டணம் கட்டி வகுப்புக்குப் போய்வந்த மாணவரும் 60 நாட்களுக்குள் வேறு கல்லூரியில் இடம் தேட வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். 2011-இல் விதிகள் மேலும் இறுகின. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி பட்டப்படிப்புக்கு பி2 (மேல் இடைநிலை), அதற்குக் கீழ்நிலைப் படிப்புக்கு பி1 (இடைநிலை) என்று ஆங்கிலத் திறனுக்கான அளவுகள் வகுக்கப்பட்டு, அரசு அங்கீகரித்த தேர்வு ஒன்றில் தேறியதற்கான சான்று கேட்கப்பட்டது. தனியார் கல்லூரி மாணவர்களின் வேலை உரிமை பறிக்கப்பட்டது. 2012 ஏப்ரலில், படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தங்கி வேலை செய்ய இடமளித்த விசா மூடப்பட்டது. நிகரக் குடியேற்றத்தை, அதாவது குடியேறுவோரின் எண்ணிக்கையிலிருந்து வெளியேறுவோரைக் கழித்தால் வரும் எண்ணை, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாக வாக்களித்திருந்த அரசுக்கு, எண்ணிக்கையைக் குறைக்க எளிதாகக் கைக்கு எட்டிய பிரிவினர் மாணவர்களே.

அங்கீகாரம் பெற்ற தேர்வுகளில் ஒன்று டோயிக். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இ.டி.எஸ். நிறுவனம், பணியிடங்களில் புழங்கும் ஆங்கிலத்தை அளப்பதற்காக, ஜப்பானிலிருந்து வந்த கோரிக்கையின் பேரில் உருவாக்கி, 1979-இல் முதன்முதலாக நடத்திய தேர்வு அது. கேட்டலும் வாசித்தலும் சேர்ந்து இரண்டு மணி நேரம், 200 வினாக்கள். பேச்சுத் தேர்வு இருபது நிமிடம் போல. எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். பேச்சுத் தேர்வில் நேருக்கு நேர் தேர்வாளர் யாரும் இருப்பதில்லை. மாணவர் ஒலிவாங்கியில் பேசுவதைக் கணினி பதிவுசெய்து அனுப்ப, மதிப்பெண் வேறோர் இடத்தில் போடப்படும். பதிவில் இருக்கும் குரல் பெயருக்குரியவரின் குரல்தானா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு முழுவதும் தேர்வு மையத்தின் கையில் இருந்தது. இத்தகைய மையங்கள் பல, சிறு தனியார் கல்லூரிகளின் வளாகங்களிலேயே இயங்கின.

இந்தத் தேர்வை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்து, அடுத்த படிப்புக்காக விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதிகம். ஆங்கில வழியில் பள்ளியும் கல்லூரியும் முடித்து வந்தவர்களும், பிரிட்டனிலேயே ஒரு பட்டத்தை முடித்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆங்கிலம் தெரியாததால்தான் எல்லோரும் இந்த மையங்களைத் தேடிப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. விசா முடியும் தேதிக்குள் சான்று வேண்டும், டோயிக் கிடைக்கும் இடமும் தேதியும் வசதியாக இருந்தன என்பதே பலருக்குப் போதுமான காரணம்.

பட்டியல் உருவான விதம்

ஒளிபரப்புக்குப் பிறகு உள்துறை அமைச்சகம் இ.டி.எஸ். நிறுவனத்தோடு செய்துகொண்டிருந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த தேர்வுகளைப் பரிசோதிக்கச் சொன்னது. பரிசோதித்தது அதே இ.டி.எஸ். நிறுவனம். தன்னுடைய மையங்களைச் சரிவரக் கண்காணிக்கத் தவறிய நிறுவனம், அந்தத் தவறின் அளவைத் தானே அளந்து அரசுக்குப் பட்டியல் கொடுத்தது. அந்தப் பட்டியலைத் தனியாகச் சோதித்துப் பார்க்காமலேயே அரசு அதை நடவடிக்கைக்கு எடுத்துக்கொண்டது. இந்த விவகாரத்தில் பின்னால் நேர்ந்த அநீதிகள் பலவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சோதனையின் தர்க்கம் எளிமையானது. கூலிக்குத் தேர்வெழுதும் ஒருவர் பல பெயர்களில் பேசியிருப்பார். ஆகவே ஒரே குரல் பல பெயர்களில் பதிவாகியிருந்தால் அந்தத் தேர்வுகள் ஆள்மாறாட்டம். குரல் ஒப்பீட்டு மென்பொருள் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒத்துப்போகும் ஜோடிகளை எடுத்துக் கொடுத்தது. அவ்வாறு பிடிபட்ட பதிவுகளை இருவர் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே குரல்தான் என்று இருவரும் சொன்னால் அந்தத் தேர்வு 'செல்லாதது' எனக் குறிக்கப்பட்டது. குரல் பொருந்தாவிட்டாலும், பல செல்லாத தேர்வுகள் நடந்த மையத்தில் எழுதப்பட்டதாக இருந்தால், அது 'கேள்விக்குரியது' எனக் குறிக்கப்பட்டது.

இறுதியில் பரிசோதிக்கப்பட்ட 58,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு செல்லாதவை, 39 விழுக்காடு கேள்விக்குரியவை என்று அறிவிக்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால் 97 விழுக்காடு. நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் இந்த 97 என்ற எண் மோசடியின் பிரம்மாண்டத்துக்குச் சான்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஆனால் அதில் 39 என்பது தனி மாணவர் எவர்மீதும் குரல் ஆதாரம் இல்லாத எண்; மையத்தின் மீதுள்ள சந்தேகம் மாணவர்மீது படிந்ததால் வந்த எண். அந்த வகையினருக்கு மறுதேர்வோ நேர்காணலோ தரப்பட்டது. செல்லாதது என்ற வகையினருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இத்தனை பெரிய விழுக்காடு ஒரு சோதனையில் வெளிவரும்போது, எதைக் கண்டுபிடித்தோம் என்று கேட்பதற்கு முன்னால் சோதனை எதை அளக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். 2014-இல் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

குரல் ஒப்பீட்டில் நேரக்கூடிய பிழை எவ்வளவு என்பது பிறகு நீதிமன்றங்களில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. அரசு அமர்த்திய ஒலியியல் நிபுணர், 2016-இல் அளித்த அறிக்கையில், தவறாகக் குற்றம் சாட்டப்படும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டை அப்படியே ஏற்றாலும், செல்லாதவை என்று குறிக்கப்பட்ட சுமார் 34,000 தேர்வுகளில் ஒரு விழுக்காடு என்பது 340. மாணவர் தரப்பில் வந்த மற்றொரு நிபுணர், கேட்டுப் பார்த்தவர்களின் பயிற்சி, மென்பொருளுக்கு வைத்த வரம்பு, முன்னோட்டச் சோதனையின் தன்மை ஆகியவற்றின் மீது கடுமையான கேள்விகளை எழுப்பினார்.

ஆனால் இந்த விவாதம் முழுவதையும் தாண்டி இன்னொரு கேள்வி நிற்கிறது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இரண்டு பதிவுகளில் ஒரே குரல் இருக்கிறது என்று மென்பொருள் மிகச் சரியாகவே சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவு இந்த மாணவர் அமர்ந்த கணினியிலிருந்து வந்ததுதான் என்பதை யார் உறுதிசெய்வது? பதிவுக் கோப்பு, அதில் ஒட்டப்பட்ட பெயரும் தேர்வு நாளும் வழியாகத்தான் மாணவரோடு இணைக்கப்பட்டிருந்தது. பெயர் ஒட்டியது தேர்வு மையம். மோசடியின் கூடாரம் என்று அரசே சொன்ன அதே மையம். நேர்மையாகப் பேசிவிட்டுப் போன மாணவரின் பதிவை மையத்தார் பிறகு மாற்றி வைத்திருந்தால், அல்லது மாணவர் முன்னறையில் தேர்வெழுதிக்கொண்டிருக்க, வேறோர் அறையிலிருந்து அதே கணினியைத் தொலைவிலிருந்து இயக்கி வேறொருவர் விடையளித்திருந்தால், அவர் சொல்லும் 'நான்தான் எழுதினேன்' என்பதும் பதிவில் உள்ள 'வேறு குரல்' என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். பதிவைக் கேட்டுப் பெற்ற சில மாணவர்கள் அதில் இருப்பது தங்கள் குரல் அல்ல என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அரசு அதைக் குற்றத்துக்கான சான்றாகக் கொண்டது, அவர்களோ கோப்பு மாறியதற்கான சான்று என்றார்கள்.

அந்தப் பதிவுகளும் அரசின் கையில் இருக்கவில்லை. அவை இ.டி.எஸ். வசம் இருந்தன. மாணவர் ஒருவரின் விசாவை ரத்துசெய்த அதிகாரி, அவர்மீதான ஆதாரத்தைக் காதால் கேட்டவர் அல்லர். பட்டியலில் இருந்த ஒரு வரியை வாசித்தவர்.

கடிதம் வந்த பிறகு

2014 ஜூன் 24 அன்று குடியேற்றத் துறை அமைச்சர் ஜேம்ஸ் புரோக்கன்ஷயர் நாடாளுமன்றத்தில் நடவடிக்கைகளை அறிவித்தார். 57 தனியார் கல்லூரிகளின் ஸ்பான்சர் உரிமங்களும், வேல்ஸில் உள்ள க்ளின்டூர் பல்கலைக்கழகத்தின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டன. பெட்ஃபோர்ட்ஷயர், மேற்கு லண்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் புதிய வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது.

மாணவர்களைத் தாக்கியது வேறொரு காகிதம். ஏமாற்றி விசா பெற்றீர்கள், ஆகவே இந்த நாட்டிலிருந்து அகற்றப்படத் தக்கவர் என்று சொல்லும் அறிவிப்பு அது. அது கைக்கு வந்த நாளிலிருந்து படிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது. கட்டிய கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. அதே 2014-இல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம் வீட்டுக்காரர், வங்கி, ஓட்டுநர் உரிம அலுவலகம் எல்லோரையும் விசா நிலையைச் சோதிக்கச் சொன்னதால், காலம் செல்லச் செல்ல வாடகைக்கு அறை கிடைப்பதும் கணக்கு வைத்துக்கொள்வதும்கூடக் கடினமாயின. ஏமாற்றியதாக ஒருமுறை பதிவாகிவிட்டால் பத்தாண்டுகள் வரை பிரிட்டனுக்கு மீண்டும் விசா மறுக்கப்படலாம். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தாலும், முன்பு எந்த நாடாவது உங்களை அகற்றியதா என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நிலத்தை அடகு வைத்தோ கடன் வாங்கியோ அனுப்பிய பெற்றோரிடம், பட்டம் இல்லாமல் 'மோசடிக்காரர்' என்ற பெயரோடு திரும்பிப் போவது எப்படி என்று தெரியாமல், மேல்முறையீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வருமானமின்றிக் காத்திருந்தவர்கள் பலர். நண்பர்களின் அறைகளில் தங்கிக் கடன் வாங்கி வழக்கு நடத்தியதாகவும், மன உளைச்சலில் உடல்நலம் கெட்டதாகவும் அவர்கள் நாடாளுமன்றக் குழுவினரிடம் சொன்னார்கள்.

மேல்முறையீடு செய்யும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கவில்லை. விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்து அது மறுக்கப்பட்டவர்களுக்கும், விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் விசா ரத்தானவர்களுக்கும் பிரிட்டனில் இருந்தபடியே முறையிட வழி இருந்தது. செல்லுபடியாகும் விசாவோடு வகுப்பில் உட்கார்ந்திருந்து, அகற்றும் அறிவிப்பைப் பெற்றவர்களோ முதலில் நாட்டை விட்டு வெளியேறி, சொந்த ஊரிலிருந்துதான் முறையிட வேண்டும். குற்றச்சாட்டு ஒன்றே, பட்டியலும் ஒன்றே. எந்தக் கட்டத்தில் கடிதம் வந்தது என்ற தற்செயலை வைத்து நீதி கிடைக்கும் வாய்ப்பு மாறியது. ஊரிலிருந்து முறையிடுபவர் நீதிபதியின் முன் நின்று ஆங்கிலத்தில் பேசிக் காட்ட முடியாது. தன் ஆங்கிலத் திறனையும் தன் சொல்லின் நம்பகத்தையும் தவிர வேறு ஆதாரம் இல்லாத ஒருவருக்கு அது பேரிழப்பு.

தீர்ப்பாயங்களில்

2016-இல் குடியேற்ற வழக்குகளுக்கான மேல் தீர்ப்பாயம் இரண்டு மாணவர்களின் வழக்கில் அரசுத் தரப்பை முதன்முதலாக ஆழமாகச் சோதித்தது. அரசு முன்வைத்தவை அமைச்சக ஊழியர்கள் இருவரின் பொதுவான வாக்குமூலங்கள். குரல் ஒப்பீட்டில் அவர்களுக்கு நிபுணத்துவம் கிடையாது, இ.டி.எஸ். சொன்னதை அவர்கள் எடுத்துரைத்தார்கள், அவ்வளவே. அந்த ஆதாரத்தில் பல பலவீனங்கள் இருப்பதாகச் சுட்டிய தீர்ப்பாயம், மாணவர்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கும் அளவுக்கு மட்டும் அது போதும் என்றது. பின் அவர்கள் நேரில் அளித்த சாட்சியத்தை நம்பி, ஏமாற்றியதாக நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் மற்றொரு வழக்கில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் வேறு காரணங்களுக்காக ஆள்மாறாட்டத்துக்கு உடன்பட்டிருக்கலாம் என்று அதே தீர்ப்பாயம் குறிப்பிட்டது. அது நியாயமான கருத்துத்தான். நேரம் மிச்சமாகும், தோல்விப் பயம் இல்லை என்று பணம் கொடுத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பார்க்க வேண்டும். நன்றாக ஆங்கிலம் பேசுவது குற்றமின்மைக்குச் சான்றாகாது என்றால், பதிவும் கண்காணிப்புப் படமும் தன்னிடம் இல்லாத மாணவர், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதில் தான் எழுதினேன் என்பதை எதைக் கொண்டு நிறுவுவார்? எந்தப் பேருந்தில் போனேன், அறை எப்படி இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், என்ன தலைப்பில் எழுதினேன் என்று சொல்லும் நினைவுதான் அவருக்கு எஞ்சியது. ஒரு நீதிபதி அந்த நினைவை நம்பினார், இன்னொருவர் நம்பவில்லை.

2017 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளிநாட்டிலிருந்து முறையிடுவது இத்தகைய வழக்குகளில் போதிய பரிகாரம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் மூன்றரை ஆண்டுகள் கழிந்து, ஆயிரக்கணக்கானோர் போய்விட்டிருந்தார்கள்.

தணிக்கையும் நாடாளுமன்றமும்

பாதிக்கப்பட்டவர்கள் மைக்ரன்ட் வாய்ஸ் என்ற அமைப்போடு சேர்ந்து 'எங்கள் எதிர்காலத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்ற பொருளில் இயக்கம் நடத்தினார்கள். நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகத் தொடர்ந்து பேசியவர் ஈஸ்ட் ஹாம் தொகுதி உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ். லண்டனில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த அந்தப் பகுதியின் உறுப்பினரான அவர், இந்த விவகாரத்துக்கான அனைத்துக் கட்சிக் குழுவுக்கும் தலைமை ஏற்றார்.

2019 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையை வெளியிட்டது. என் பார்வையில் இந்த விவகாரத்தைப் பற்றிய ஆவணங்களில் மிக நிதானமானது அதுவே. பரவலான மோசடி நடந்தது என்பதை அது மறுக்கவில்லை. மோசடிக்கு உதவியதற்காக 25 பேர் தண்டிக்கப்பட்டிருந்ததையும் குறிப்பிட்டது. அதே சமயம், ஒரு பகுதியினர் குற்றம் செய்யாமலேயே மோசடிக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டு, கட்டணத்தை இழந்து, தங்கள் பெயரைத் துடைத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பின்றி வெளியேற்றப்பட்டிருக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. சுமார் 7,200 பேர் எச்சரிக்கைக்குப் பின் தாங்களாகவே போனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 400 பேர் நாட்டுக்குள் திரும்ப நுழைய முடியாமல் தடுக்கப்பட்டார்கள். 2019 மார்ச் வரை சுமார் 12,500 முறையீடுகள் விசாரிக்கப்பட்டதில் 3,600-க்கு மேல் முறையிட்டவர் பக்கம் முடிந்தன. அவற்றில் சில குடும்ப வாழ்வு போன்ற மனித உரிமைக் காரணங்களால் வென்றவை என்பதால், அத்தனை பேரும் குற்றமற்றவர்கள் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. முறையிடாமல் போனவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்றும் சொல்ல முடியாது.

அரசு இந்த விவகாரத்தில் சுமார் 2.1 கோடி பவுண்டு செலவிட்டு, இ.டி.எஸ். நிறுவனத்திடமிருந்து 16 லட்சம் பவுண்டு பெற்றது. தேர்வைக் கண்காணிக்கத் தவறிய நிறுவனம் ஒப்பந்தச் சமரசத்தோடு விலகிக்கொண்டது. அந்தத் தேர்வை எழுதியவர் தன் படிப்பையும் பெயரையும் இழந்தார். பொறுப்பு இவ்வாறு பங்கிடப்பட்டதை எந்த நியாயமும் ஏற்காது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, உள்துறை அமைச்சகம் மாணவர்களைத் தண்டிப்பதில் அவசரம் காட்டியது, குற்றமற்றவர்களைக் காக்கத் தவறியது என்று கண்டித்தது.

2022-இல் மேல் தீர்ப்பாயம் மீண்டும் இந்த ஆதாரத்தை எடைபோட்டது. இந்த முறை அதன் முடிவு அரசுக்குச் சாதகமாக அமைந்தது: குரல் ஒப்பீட்டு ஆதாரம் பட்டியலில் உள்ளவர்மீது வழக்கை நிறுவப் போதுமானது, அதை முறியடிக்க வேண்டியவர் மாணவரே என்றது. பெருந்திரளான தேர்வுகளை மொத்தமாகப் பார்க்கும்போது அந்த முடிவுக்கு அடிப்படை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்; ஒப்பீட்டு முறை பெரும்பாலும் சரியாக வேலை செய்திருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலும் சரி என்பது ஒரு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற அளவுகோல். தனி மனிதர் ஒருவரைப் பொய்யர் என்று அறிவிப்பதற்கு ஏற்ற அளவுகோல் அல்ல. மறுதேர்வு என்ற எளிய வழி 2014-இலேயே கைவசம் இருந்தது. கேள்விக்குரியவர்களுக்குத் தந்த அதே வாய்ப்பைச் செல்லாதவர் பட்டியலில் இருந்தவர்களுக்கும் தந்து, அந்த மறுதேர்வின் முடிவையும் மாணவரின் படிப்புப் பின்னணியையும் குரல் ஆதாரத்தோடு சேர்த்து எடைபோட்டிருந்தால், கூலிக்கு ஆள் வைத்தவர்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள் உடனே பிடிபட்டிருப்பார்கள். மற்றவர்களின் வழக்குகளை அமைதியாகத் தனித்தனியே பார்க்க நேரம் கிடைத்திருக்கும்.

2015 ஏப்ரலில் பிரிட்டனுக்குள் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வை ஐஇஎல்டிஎஸ் தேர்வை நடத்தும் கூட்டமைப்பு, டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற தேர்வு வாரியம் ஆகிய இரு அமைப்புகள் மட்டுமே நடத்த அனுமதிக்கப்பட்டன. சிறு தனியார் கல்லூரிகள் தங்கள் வளாகத்திலேயே மையம் நடத்திய காலம் முடிந்தது. தேர்வு முறையில் இருந்த ஓட்டை இவ்வாறு ஒரே ஆண்டில் அடைக்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறியவர்களின் வழக்குகளை ஒட்டுமொத்தமாக மறுபரிசீலனை செய்ய வேண்டும், அல்லது அவர்களை மீண்டும் ஒருமுறை தேர்வெழுதவாவது விட வேண்டும் என்ற கோரிக்கை மட்டும், தணிக்கை அறிக்கைக்கும் நாடாளுமன்றக் குழுவின் கண்டனத்துக்கும் பிறகுகூட ஏற்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, தன் செலவில், நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது; 2014-இல் முறையிடாமல் விமானம் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வழியும் திறந்திருக்கவில்லை.